விலக்கும் காரணம்: எஸ்.ஏ.டி. தேர்வின் வாசிப்பு, சொல்வள வினாக்களில் தர்க்கத்தின் இடம்

கல்லூரி நுழைவுத் தேர்வில் வரும் வாசிப்பு வினா ஒவ்வொன்றிலும் சரியான விடை ஒன்றுதான். அதனுடன் நிற்கும் தவறான விடைகள் இடத்தை நிரப்பப் போட்டவை அல்ல; அவசரமாகப் படிக்கும் மாணவர் எங்கே வழுக்குவார் என்று எண்ணிப் பார்த்து எழுதப்பட்டவை. அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வு 1926 முதல் இன்றுவரை கண்ட மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. சொல்லைத் தனியே நிறுத்திப் பொருள் கேட்ட வினாக்கள் ஒவ்வொன்றாக நீங்கின. உரைப்பகுதி எதற்கு இடம் தருகிறது, எதற்குத் தரவில்லை என்று எடைபோடச் சொல்லும் வினாக்கள் அந்த இடத்துக்கு வந்தன. இந்தப் போக்கு சரியானது, ஆனால் முழுமையானதன்று. இவ்வகை வினாக்களில் சோதிக்கப்படும் திறன், சரியான விடையைக் கண்டுபிடிப்பதைவிடத் தவறான விடையைக் காரணம் சொல்லி விலக்குவதிலேயே வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்துக்கு வேர் எஸ்.ஏ.டி.யைவிடப் பழையது. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1917இல் பத்தி வாசிப்பில் நேரும் பிழைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். வாசிப்பும் ஒரு வகைத் தர்க்கமே என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. பிராங்க்ளின் என்னும் ஊரில் எந்த வயதுக் குழந்தைகள் பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும், எந்தக் காரணங்களுக்காக வராமல் இருக்கலாம் என்று கூறும் ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்து, அதன் பொருள் எதைப் பற்றியது என்று கேட்டார். ஊரின் பெயரையே விடையாக எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. பத்தியின் முன்பகுதியில் நின்ற ஒரு பெயர் அவர்கள் மனத்தில் அளவுக்கு மீறிய வலுப் பெற்றுவிட்டது. ‘கட்டாயம்’, ‘விலக்கு’ என்ற கருத்துகளைத் தாங்கிய சொற்கள் வலுவிழந்துவிட்டன. பத்தியைப் புரிந்துகொள்வது கணக்கைத் தீர்ப்பது போன்றது என்பது தார்ன்டைக்கின் முடிவு. தேவையான கூறுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கிடையே சரியான தொடர்பை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எடையைத் தர வேண்டும். ஒரு சொல்லுக்கு மிகை வலுவோ குறை வலுவோ தந்தால் விடை பிசகும். கொள்குறி வகைத் தேர்வுக்குத் தவறான தெரிவுகளை உருவாக்குவோர் இன்றும் செய்வது, பத்தியில் உள்ள ஏதாவதொரு சொல்லுக்கு மிகை வலு ஏறிவிட்டால் கிடைக்கும் பொருளை ஒரு வாக்கியமாக்கி வைப்பதுதான்.

முதல் எஸ்.ஏ.டி. 1926 ஜூன் 23 அன்று நடந்தது. ஏறத்தாழ 8,000 பேர் எழுதினர். 97 நிமிடங்களில் 315 வினாக்கள். எதிர்ச்சொல், ஒப்புமை, பத்தி வாசிப்பு, தர்க்க முடிவு, புதிதாகச் சமைத்த ஒரு செயற்கை மொழி எனப் பல பிரிவுகள் இருந்தன. அந்த வேகத்தில் ஆழ்ந்து படிக்க எவருக்கும் நேரம் இராது. தேர்வை வடிவமைத்த கார்ல் பிரிகம் 1923இல் இனங்களுக்கிடையே அறிவுத்திறன் வேறுபாடு உண்டு என்று வாதிட்டு நூல் எழுதியவர்; 1930இல் அந்த முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தாமே எழுதி விலக்கிக்கொண்டார். பிறவியில் அமைந்த திறனை அளக்கிறோம் என்ற எண்ணமே தேர்வின் பெயரில் இருந்த ‘இயல்திறன்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றது. சொல்வளம் அந்த இயல்திறனின் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. வீட்டில் எத்தகைய புத்தகங்கள் இருந்தன, எத்தகைய பேச்சு நடந்தது என்பதைச் சொல்வளம் எவ்வளவு துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் என்பது கணக்கில் வரவில்லை.

எதிர்ச்சொல் வினாவில் தர்க்கத்துக்கு இடம் மிகக் குறைவு. சொல் தெரிந்தால் விடை உண்டு. தெரியாவிட்டால் சொல்லின் பகுதிகளைப் பிரித்து ஊகிக்கலாம், அவ்வளவே. 1994இல் அது நீக்கப்பட்டது. ஒப்புமை வினா அப்படியன்று. இரு சொற்களுக்கு இடையிலான உறவை இனங்கண்டு, அதே உறவுள்ள இன்னொரு இணையைத் தேடச் சொல்வதால் அது தூய தர்க்கம் போலவே தோன்றும். இவ்வகையில் மிகவும் பேசப்பட்ட வினாவொன்று உண்டு. ஓட்டக்காரருக்கும் மாரத்தானுக்கும் உள்ள உறவு எந்த இணையில் இருக்கிறது என்று அது கேட்டது. தூதர்–தூதரகம், தியாகி–படுகொலை, துடுப்புப் படகோட்டி–ரெகாட்டா, நடுவர்–போட்டித்தொடர், குதிரை–லாயம் என ஐந்து தெரிவுகள். ரெகாட்டா என்பது படகுப் பந்தயம், அதுவே விடை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல்லை எல்லோருக்கும் பொதுவான சோதனையாக வைத்தது அநீதி என்று இந்த வினா நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வருகிறது.

அந்தக் குற்றச்சாட்டு சரியே. ஆனால் அதற்கான காரணம் வழக்கமாகச் சொல்லப்படுவதைவிடச் சற்று நுட்பமானது. ரெகாட்டாவை அறியாத மாணவராலும் இந்த வினாவுக்கு விடை காண முடியும். ஓட்டக்காரர் மாரத்தானில் போட்டியிடுபவர். தூதர் தூதரகத்தில் பணிபுரிபவர், போட்டி இல்லை. தியாகி படுகொலையில் மாய்ந்தவராக இருக்கலாம், போட்டி இல்லை. குதிரை லாயத்தில் கட்டப்படுவது. நடுவர்தான் கடினமான தெரிவு, ஏனெனில் போட்டித்தொடரில் அவருக்கும் இடம் உண்டு. ஆனால் அவர் போட்டியிடுபவர் அல்லர், தீர்ப்பளிப்பவர். நான்கும் விழுந்தபின் எஞ்சுவது பொருள் தெரியாத அந்த ஓர் இணை. தெரியாத சொல்லைத் தர்க்கத்தின் பலத்தில் மட்டும் நம்பித் தேர்வது உயர்ந்த அறிவுச் செயல். ஆயினும் சொல் தெரிந்தவர் சில விநாடிகளில் கடந்து போகும் இடத்தில், தெரியாதவர் நான்கு மறுப்புகளைக் கட்ட வேண்டியிருக்கிறது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழித்த அன்றைய முறை வேறு துணிவைத் தடுத்தது. அதிகமாகத் தர்க்கம் செய்தவருக்கும் ஒன்றும் செய்யாதவருக்கும் கிடைப்பது அதே மதிப்பெண். ஒரு வினா தர்க்கத்தைக் கேட்கிறதா என்பதோடு, அந்தச் சுமையை எல்லோர்மீதும் ஒரே அளவில் ஏற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், எஸ்.ஏ.டி.யைச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்குவதைக் கைவிட வேண்டும் என்று பொது மேடையில் கூறினார். பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் வகுப்பில் ஒப்புமை வினாக்களைப் பயின்றுகொண்டிருந்ததைப் பார்த்தது அவரை உறுத்தியது. 2005இல் ஒப்புமை வினா நீங்கியது. 2016இல் கோடிட்ட இடத்தை நிரப்பும் வாக்கிய வினாவும், கால் மதிப்பெண் கழிப்பும் நீங்கின. தெரிவுகள் ஐந்திலிருந்து நான்காயின. அரிய சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இனி இராது, கல்லூரிப் படிப்பில் அடிக்கடி வரும் சொற்களே சூழலோடு கேட்கப்படும் என்று தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் அறிவித்தது. இப்போதைய கணினிவழித் தேர்வு 2023இல் பிற நாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் நடைமுறைக்கு வந்தது. இதில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 64 நிமிடங்களுக்கு 54 வினாக்கள். ஒவ்வொரு வினாவுக்கும் 25 முதல் 150 சொற்கள்வரை உள்ள ஒரு தனிப் பகுதி. கோடிட்ட இடம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இப்போது அது ஒரு சிறு பத்திக்குள் நிற்கிறது.

இத்தகைய வினாவுக்குள் தர்க்கம் எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்பதே நல்லது. பின்வரும் பகுதி இக்கட்டுரைக்காக எழுதப்பட்டது. செய்திகள் சார்லஸ் டார்வின் 1881இல் வெளியிட்ட மண்புழு நூலில் உள்ளவை.

‘மண்புழுக்கள் இருந்த சட்டிகளுக்கு அருகே டார்வின் வீட்டில் உலோக ஊதலை உரக்க ஊதினர், பசூன் என்னும் குழற்கருவியை வாசித்தனர். புழுக்கள் அசையவில்லை. சட்டிகளைப் பியானோவுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்து உரக்க வாசித்தபோதும் அவை அமைதியாகவே இருந்தன. பின்னர் சட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தினர். புழுக்கள் சட்டென்று வளைக்குள் மறைந்தன.’

இதிலிருந்து உய்த்துணரக்கூடியது எது என்பது வினா. தெரிவுகள்: (அ) காற்றின் வழியே வரும் ஒலிக்கு அல்ல, தாம் தங்கியுள்ள பொருளின் வழியே வரும் அதிர்வுக்கே மண்புழுக்கள் எதிர்வினை காட்டின. (ஆ) பியானோவின் இசை மண்புழுக்களுக்கு ஒவ்வாதது. (இ) செவி இல்லாத உயிர்கள் அனைத்தும் அதிர்வை நுட்பமாக உணரக்கூடியவை. (ஈ) மண்புழுக்களுக்குச் செவிப்புலன் உண்டு என்று நம்பியே டார்வின் இச்சோதனையைத் தொடங்கினார்.

தெரிவு (ஆ) பலரை இழுக்கும். பியானோ, ஒலி, ஓட்டம் என்ற வரிசை மனத்தில் எளிதாகக் கதையாகிவிடுகிறது. தார்ன்டைக் சொன்ன மிகை வலு இதுதான்: நான்காம் வாக்கியத்தின் ‘பியானோ’ மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. இந்த விடையை வீழ்த்துவது மூன்றாம் வாக்கியம். அதே கருவி, அதே உரத்த ஒலி, பக்கத்து மேசை, புழுக்கள் அசையவில்லை. ஆகவே காரணம் இசையாக இருக்க முடியாது. மாறியது சட்டி இருந்த இடம் மட்டுமே. அந்த ஒரு வாக்கியத்தைப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டால் (ஆ) கிட்டத்தட்ட (அ)வுக்கு இணையாக நின்றுவிடும், வினாவே பழுதாகிவிடும். நல்ல பகுதியில் ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் எதிரான சான்று எங்கோ ஓரிடத்தில் வைக்கப்பட்டிருக்கும், அல்லது அதற்குத் தேவையான சான்று இல்லாமல் விடப்பட்டிருக்கும். (இ) இரண்டாம் வகை. மண்புழுவிலிருந்து எல்லா உயிர்களுக்கும் தாவுவதற்கு உரைப்பகுதியில் பாலம் இல்லை. (ஈ) மிகவும் கவனிக்கத்தக்கது. அது உண்மையாகவும் இருக்கலாம். சோதனை செய்தவர் மனத்தில் என்ன இருந்தது என்பது ஆர்வமூட்டும் கேள்விதான். ஆனால் பகுதி அவர் செய்ததைச் சொல்கிறதே தவிர, நம்பியதைச் சொல்லவில்லை. ‘உண்மையாக இருக்கலாம்’ என்பதற்கும் ‘இதிலிருந்து பெறப்படுகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு மாணவர் இங்கே கற்றுக்கொண்டால், அது ஆய்வகத்திலும் நீதிமன்றத்திலும் செய்தித்தாளிலும் பயன்படும்.

பயிற்சி மையங்களில் இவ்விடத்தில் ஒரு குறுக்குவழி சொல்லித் தரப்படுவதுண்டு: ‘அனைத்தும்’, ‘ஒருபோதும்’ போன்ற கடுஞ்சொல் வந்தால் அந்த விடையை அடித்துவிடு. இதைத் தவிர்ப்பது நல்லது. (இ) விழுவதற்குக் காரணம் ‘அனைத்தும்’ என்ற சொல் அன்று. அந்த அளவுக்குப் பகுதி ஆதரவு தரவில்லை என்பதே. ஒரு விதியைப் பற்றிய பகுதி எல்லா நேர்வுகளையும் உள்ளடக்கிப் பேசினால், ‘அனைத்தும்’ உள்ள தெரிவே சரியாக இருக்கும். குறுக்குவழி தெரிவைப் பார்க்கச் சொல்கிறது. தர்க்கம் தெரிவையும் பகுதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

கோடிட்ட இட வினாவிலும் இதே இயக்கம். 1869இல் ‘கார்டனர்ஸ் க்ரானிக்கிள்’ இதழில் ஃபிஷ் என்பவர் மண்புழுக்களின் வேலை குறித்த டார்வினின் கருத்தைப் பற்றி எழுதினார் என்ற செய்தியை வைத்து ஒரு வாக்கியம்: ‘மண்புழு மிகச் சிறியது, வலுவற்றது, இத்தனை பெரிய வேலையை அது செய்திருக்கும் என்பதை அவர் ________.’ நிரூபித்தார், மறுத்தார், வியந்தார், விளக்கினார் என நான்கு சொற்கள். நான்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. சிறியது பெரிய வேலை செய்வது வியப்புக்கு உரியதுதான். எனவே ‘வியந்தார்’ உயிரோடு நிற்கிறது. ‘ஆகவே டார்வினின் முடிவை அவர் ஏற்கவில்லை’ என்று ஒரு வாக்கியம் பின்னால் சேர்ந்தால் மட்டுமே ‘மறுத்தார்’ ஒன்றே விடையாகிறது. துப்பு கோட்டுக்குப் பின்னால் இருப்பதை மறந்து, கோடு வந்ததும் நின்று விடை தேடும் பழக்கமே இங்கே பலரைக் கவிழ்க்கிறது. வாக்கியத்தை முடிவுவரை படித்து, தெரிவுகளைப் பார்க்குமுன் தம் சொந்தச் சொல் ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இந்தப் பள்ளத்தில் விழுவதில்லை.

சூழலில் சொற்பொருள் கேட்கும் வினாவின் களம் தமிழ் இலக்கணம் பலபொருள் ஒருசொல் என்று கூறுவதே. ‘1837இல் லண்டன் நிலவியல் கழகத்தில் டார்வின் வாசித்த சிறு கட்டுரையில் இருந்த எண்ணம் 1881இல் நூலாகக் கனிந்தது’ என்ற வாக்கியத்தில் ‘கனிந்தது’ என்பதற்கு இரங்கியது, இனித்தது, இளகியது, முதிர்ந்து உருப்பெற்றது என்ற தெரிவுகள் வந்தால், முதல் மூன்றும் அச்சொல்லுக்கு வேறு இடங்களில் பொருந்தக்கூடியவை. மனம் கனிவதை அன்றாடம் கேட்கும் காது ‘இரங்கியது’ என்பதை முதலில் எடுத்துத் தரும். நாற்பத்து நான்கு ஆண்டு இடைவெளியும், கட்டுரை நூலானது என்ற வளர்ச்சியும் சேர்ந்து நான்காவதைத் தேரச் செய்கின்றன. இங்கே அகராதி அறிவு அவசியம்; ஆனால் போதாது. சொல்லுக்கு ஒரே பொருள் மட்டும் தெரிந்தவருக்குத் தேர்வே இல்லை. பல பொருள் தெரிந்தவருக்குத்தான் தர்க்கம் தொடங்குகிறது.

சொல்லறிவையும் தர்க்கத்தையும் அளவையில் பிரிக்க முடியுமா என்ற கேள்வி ஆய்வுலகில் முன்பே எழுந்தது. 1944இல் ஃபிரெடரிக் டேவிஸ் வாசிப்புத் திறனின் கூறுகளைப் புள்ளியியல் முறையில் பகுத்து, சொல்லறிவும் வாசிப்பில் தர்க்கமும் இரு முதன்மைக் கூறுகள் என்றார். அதே தரவை மறுபடி ஆராய்ந்த தர்ஸ்டன் 1946இல் ஒரே கூறு போதும் என்று வாதிட்டார். இந்தக் கருத்துவேறுபாடு வியப்பளிக்கக் கூடாது. மேலே கண்ட மாதிரிகளில் இரண்டும் ஒரே வினாடியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

சூழலுக்கு மாறியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல இரண்டு ஆய்வுகள் இடம் தருவதில்லை. 1990இல் ஸ்டூவர்ட் கட்ஸும் உடனாய்வாளர்களும் எஸ்.ஏ.டி. வாசிப்பு வினாக்களை உரைப்பகுதி இல்லாமலே மாணவர்களிடம் கொடுத்தனர். ஐந்தில் ஒன்று என்ற தற்செயல் அளவைவிட அவர்கள் தெளிவாகவே மேலே நின்றனர். வினாக்களும் தெரிவுகளும் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்திலிருந்தும், பொது அறிவிலிருந்தும் விடை கசிந்தது. பகுதியைப் படிக்காமல் விடை காண முடிகிறதென்றால் அது வாசிப்பை அளக்கவில்லை. வினா எழுதுவோர் இந்தச் சோதனையை ஒவ்வொரு வினாவுக்கும் செய்து பார்க்க வேண்டும்: பகுதியை மறைத்துவிட்டால் நான்கு தெரிவுகளும் ஒரே அளவு நம்பத்தக்கவையாக நிற்கின்றனவா?

இரண்டாவது, ராய் ஃபிரீடில் 2003இல் ‘ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூ’ இதழில் எழுதியது. மொத்த மதிப்பெண்ணில் சமமாக நிற்கும் வெள்ளையின, கறுப்பின மாணவர்களை ஒப்பிட்டால், மொழிப்பகுதியின் எளிய வினாக்களில் கறுப்பின மாணவர்கள் பின்தங்குவதும், கடின வினாக்களில் சற்று முன்நிற்பதும் தெரிகிறது என்றார் அவர். அவருடைய விளக்கம்: எளிய வினாக்களில் உள்ளவை அன்றாடச் சொற்கள், அவற்றுக்குப் பல பொருள், எந்தப் பொருள் முதலில் மனத்தில் எழும் என்பது வளர்ந்த சமூகத்தைப் பொறுத்தது. கடின வினாக்களின் அரிய சொற்களோ பள்ளியிலும் நூலிலும் கற்றவை. ஒரே பொருளில் நிற்பவை. அவருடைய முறையைத் தேர்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தனர். ஆனால் 2010இல் சாண்டெலிசெஸ், வில்சன் இருவரும் அதே இதழில் வெளியிட்ட மறு ஆய்வு மொழிப்பகுதி பற்றிய அவர் கருத்துக்கு ஆதரவாக நின்றது. அரிய சொற்களை விலக்கிப் பொதுச் சொற்களைச் சேர்த்தால் நியாயம் கூடும் என்ற எளிய நம்பிக்கை இதனால் ஆட்டம் காண்கிறது. ஆனால் இந்த வேறுபாடு நீண்ட உரைப்பகுதி வினாக்களைவிடச் சூழலற்ற குறுவினாக்களிலேயே மிகுதியாகத் தெரிந்தது. சூழல் போதுமான அளவு தரப்படும்போது பொருளைத் தேரும் பொறுப்பு சமூகத்திலிருந்து உரைப்பகுதிக்கு மாறுகிறது. அப்படிப் பார்த்தால் நியாயம் சொல்லின் அரிதான தன்மையிலோ எளிமையிலோ இல்லை. பொருளைத் தீர்மானிக்கும் சான்று பகுதிக்குள்ளேயே இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இந்த அளவுகோலால் பார்க்கும்போது 2016க்குப் பின் இருந்த ஒரு வினா வகை இல்லாமல் போனது இழப்பே. ஒரு வினாவுக்கு விடை தேர்ந்தபின், அந்த விடைக்குச் சிறந்த சான்று எந்த வரிகளில் உள்ளது என்று அடுத்த வினா கேட்டது. அன்று 65 நிமிடங்களில் ஐந்து நீண்ட பகுதிகளைப் படிக்க வேண்டும். சான்றைத் தேட இடம் இருந்தது. ஒரு பகுதிக்கு ஒரு வினா என்ற இன்றைய அமைப்பில் சான்று வினா வேறு வடிவில் தொடர்கிறது: கொடுத்த கருதுகோளை எந்தக் கண்டறிதல் வலுப்படுத்தும் என்று கேட்கிறது. அது நல்ல வினாதான். ஆனால் தம் விடைக்குத் தாமே காரணம் காட்டும் கடமை அதில் இல்லை. ஒரு நீண்ட வாதத்தைப் பல பத்திகளுக்கு நினைவில் தாங்கிச் செல்லும் பயிற்சியும் இல்லை. கல்லூரியில் முதல் வாரமே அது தேவைப்படும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் இன்னமும் நீண்ட சொற்பட்டியல்களை உருப்போடுவதிலேயே தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் எதிர்ச்சொல்லும் ஒப்புமையும் இருந்த தேர்வுக்காகத் தொகுக்கப்பட்டவை. சொல் கற்பது வீண் அன்று. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கற்பது இன்றைய தேர்வில் பாதி வேலைகூட ஆகாது. நாளொன்றுக்கு ஐந்தே வினாக்களை எடுத்து, சரியான விடைக்கு ஒரு காரணமும் விலக்கிய மூன்று விடைகளுக்கு மூன்று காரணங்களும் முழு வாக்கியமாக எழுதச் சொல்லும் ஆசிரியர், ஐம்பது வினாக்களுக்கு விடை மட்டும் கேட்பவரைவிட அதிகம் கற்றுத் தருகிறார். கல்லூரி வாரியம் இலவசமாக வெளியிடும் மாதிரித் தேர்வுகளுடன் விளக்கக் கையேடும் வருகிறது. ஒவ்வொரு தவறான தெரிவும் ஏன் தவறு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்ததும் மூடிவைத்துவிடும் அந்தப் பக்கங்களிலிருந்தே வகுப்புகள் தொடங்கட்டும்.